சுவிட்ச் யார் கையில்?

அந்தமான் கடலில் பாரன் தீவுப் பக்கம் போகிறவர்கள் பார்க்க விரும்புவது எரிமலையை. இந்தியாவில் இன்னும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அது. 2024 நவம்பர் 23ஆம் தேதி அங்கே ரோந்து சுற்றிய கடலோரக் காவல்படை விமானத்தின் கண்ணில் பட்டது வேறு: சந்தேகப்படும்படியாக ஊர்ந்துகொண்டிருந்த ஒரு மீன்பிடி படகு. போர்ட் பிளேருக்குக் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கொண்டுவந்து சோதித்ததில் உள்ளே சுமார் 6,000 கிலோ மெத்தாம்ஃபெட்டமைன் இருந்தது. படகிலிருந்த ஆறு பேரும் மியான்மர்க்காரர்கள். சரக்கின் மதிப்பு, போலீஸ் கணக்கில், 36,000 கோடி ரூபாய். பூஜ்யங்களை எண்ணி முடித்த பிறகுதான் படகிலிருந்த இன்னொரு பொருளின் பக்கம் கவனம் திரும்பியது.

ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய தட்டையான ஆண்டெனா. எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் கருவி. வானத்தைப் பார்த்து வைத்தால் போதும். தலைக்குமேல் தாழப் பறக்கும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களில் ஏதாவது ஒன்று இணைப்புக் கொடுத்துவிடும். கோபுரம் வேண்டாம், கம்பி வேண்டாம், உள்ளூர் டெலிபோன் கம்பெனி வேண்டாம். அந்தச் சமயத்தில் ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் உரிமம் கிடையாது. கருவியை வாங்கியது யார், எங்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு அந்தமான் போலீஸ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே மணிப்பூரில் இதேபோல் ஒரு கருவி பிடிபட்டது. இந்தியாவுக்கு மேலே எங்கள் அலைகள் அணைக்கப்பட்டிருக்கின்றன, சொல்லப்போனால் அவை ஏற்றப்படவே இல்லை என்றார் மஸ்க். தனியுரிமைச் சட்டங்களைக் காட்டி விவரம் தர நிறுவனம் மறுத்துவிட்டதாக 2025 தொடக்கத்தில் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

அணைத்தது, ஏற்றாதது. மொழிபெயர்த்துப் பிழைக்கிறவனுக்கு இந்த இரண்டு வினைச்சொற்களும் பழக்கமானவை. 2022 செப்டம்பரில் உக்ரேன், வெடிமருந்து நிரப்பிய ஆளில்லாப் படகுகளை கிரைமியாவிலிருக்கும் ரஷ்யக் கடற்படையை நோக்கி அனுப்பியது. அவற்றுக்கு வழிகாட்ட ஸ்டார்லிங்கை நம்பியிருந்தது. படகுகள் இலக்கை எட்டவில்லை. மஸ்க் இணைப்பை அணைக்கச் சொன்னார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய வால்ட்டர் ஐசக்சன் 2023இல் எழுதினார். கிரைமியாவில் இணைப்பு இருக்கவே இல்லை, ஏற்றச் சொல்லிக் கேட்டார்கள், நான் மறுத்தேன் என்றார் மஸ்க். ஐசக்சன் திருத்திக்கொண்டார். தமிழில் எழுதும்போது எந்த வினையைப் போடுவது என்று மேஜையில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கலாம். படகை அனுப்பியவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு போர்முனையில் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்பதை எந்தத் தேர்தலிலும் நிற்காத, எந்த ராணுவ உடையும் அணியாத ஒரு கம்பெனி முதலாளி முடிவு செய்தார் என்பது மாறாது. அதே இலையுதிர்காலத்தில், கெர்சோன் பகுதியில் உக்ரேன் படைகள் முன்னேறிக்கொண்டிருந்தபோதும் அவர் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டதாக 2025 ஜூலையில் ராய்ட்டர் எழுதியது. செய்தி தவறு என்றது நிறுவனம்.

இது புதிதா? பாதி புதிது. நம் வீடுகளில் காரியக்காரனை, கில்லாடியை ‘எம்டன்’ என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் அது. அக்டோபர் கடைசியில் நிக்கோபார் தீவுகளின் மறைவில் கரி ஏற்றிக்கொண்டு, பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து அடித்தது. சென்னைக் கதையை நாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அது செத்த கதையைச் சொல்வதில்லை. நவம்பர் 9 அன்று எம்டன் போன இடம் கோக்கோஸ் தீவுகள். ஆஸ்திரேலியா, பட்டாவியா, ஆப்பிரிக்கா என்று கடலடித் தந்திக் கம்பிகள் பிரியும் சந்தி அது. அந்த நிலையத்தை நடத்தியது ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் என்ற தனியார் தந்திக் கம்பெனி. கம்பியை வெட்ட ஜெர்மன் மாலுமிகள் கரையிறங்குவதற்குள், அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று கம்பெனி ஊழியர்கள் வயர்லெஸ்ஸில் தட்டிவிட்டார்கள். 80 கிலோமீட்டர் தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’ திரும்பி வந்து எம்டனை முடித்தது. ஒரு பெரிய போர்க்கப்பலைக் கவிழ்த்ததில் சம்பளத்துக்கு வேலை பார்த்த தந்தி குமாஸ்தாக்களுக்குப் பாதிப் பங்கு உண்டு.

ஆனால் அந்தக் கம்பெனிக்கு யார் கட்சி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. லண்டன் போருக்குப் போனால் அதுவும் போருக்குப் போயிற்று. இன்றைய கம்பெனி ஒரே நேரத்தில் அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்தக்காரர், உக்ரேனுக்கு உயிர்நாடி, பாரன் தீவுப் படகுக்கு (தெரியாமலேயே என்று வைத்துக்கொள்வோம்) வழித்துணை.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு பழைய அத்தியாயமும் இருக்கிறது. விடுதலைப் புலிகளின் தொலைக்காட்சி இன்டெல்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பாவதாக இலங்கை அரசு புகார் செய்தது. அனுமதியில்லாமல் நுழைந்திருக்கிறார்கள் என்றது நிறுவனம். 2007 ஏப்ரலில் ஒளிபரப்பு நின்றது. அரசுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பாகப் பிறந்த இன்டெல்சாட் 2001இல் தனியார் கம்பெனியாகியிருந்தது. யாருக்குச் சார்பாக முடிந்தது என்பதை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்: ஈழப் போரின் ஒரு குரல் எப்போது ஓய வேண்டும் என்பதும் ஒரு கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில்தான் தீர்ந்தது.

தீவுகளுக்குத் திரும்புவோம். தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்று அந்தமானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் டெலிபோன்கள் ஊமையானபோது, அமெச்சூர் ரேடியோ நிகழ்ச்சிக்காக போர்ட் பிளேருக்கு வந்திருந்த பாரதி பிரசாத்தின் குழுதான் தங்கள் கருவிகளால் செய்திகளைக் கடத்தியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களை ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்திய கச்சால் தீவு அன்று மிக மோசமாக அடிவாங்கிய இடங்களில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்த அவர்களுடைய உறவினர்கள் ஒரு வரித் தகவலுக்காக எத்தனை நாள் தவித்தார்கள் என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய், வேலையை ஏற்றது பிஎஸ்என்எல். கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. அதுவரை எல்லாம் செயற்கைக்கோள் வழிதான். 2001இலிருந்து முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் இயங்கும் இடத்தின் கதி இது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையிலிருந்து இந்தோனேசியாவின் சுமத்ரா 150 கிலோமீட்டர் சொச்சம். மலாக்கா நீரிணையின் வாசல்.

கடற்படைக்கென்று ஜிசாட்-7 (2013), விமானப்படைக்கு ஜிசாட்-7ஏ (2018), மறுபடி கடற்படைக்கு 2025 நவம்பரில் சிஎம்எஸ்-03 என்று அரசு தனக்கென்று செயற்கைக்கோள்கள் வைத்திருக்கிறது. சரியான காரியம். ஆனால் அந்தமான் உள்பட நாடு முழுவதற்கும் இணைய இணைப்புத் தருவதற்காகச் செய்த 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-20ஐத் தூக்கும் வலு நம் ராக்கெட்டுக்கு இல்லை. 2024 நவம்பர் 19 அன்று அதை விண்ணில் செலுத்தியது யார்? ஸ்பேஸ்எக்ஸ். நாலே நாள் கழித்துப் பாரன் தீவருகே அதே நிறுவனத்தின் கருவியோடு படகு தென்பட்டது. தற்செயல்தான்; ஆனால் யோசிக்க வைக்கும் தற்செயல்.

2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கு மத்திய அரசு உரிமம் கொடுத்தது. அதற்கு முந்தைய மாதம் செயற்கைக்கோள் கம்பெனிகளுக்கான பாதுகாப்பு நிபந்தனைகளை இறுக்கியிருந்தது. தகவல்கள் இந்திய மண்ணிலுள்ள நிலையம் வழியாகத்தான் போக வேண்டும், அரசு சொன்னால் குறிப்பிட்ட பகுதியில் சேவையை நிறுத்த வேண்டும், கடலோரத்திலிருந்து 200 கடல் மைல் வரை சிறப்புக் கண்காணிப்பு. இந்த 200 மைல் கணக்கில் அந்தமான் நிக்கோபாரின் ஒவ்வொரு தீவும் அடங்கிவிடும். வேண்டிய நிபந்தனைகள்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் சுவிட்சை அரசின் கைக்கு மாற்றிவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறவர்கள் மணிப்பூரை நினைத்துப் பார்க்கட்டும். 2023 மே மாதம் அங்கே அணைந்த இணையம் மாதக்கணக்கில் திரும்பவில்லை. ஆயுதக் குழுக்களோடு சேர்த்து, மாணவரும் மருந்துக்கடைக்காரரும் இருட்டில் இருந்தார்கள். திருட்டு ஆண்டெனாவுக்குச் சந்தை உண்டாவது அப்படிப்பட்ட இடங்களில்தான். ஒரு வித்தியாசம் உண்டு. இணையத்தை நிறுத்தும் உத்தரவை அரசு வெளியிட்டாக வேண்டும், அதை எதிர்த்து வழக்குப் போடலாம் என்று காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அரசுகள் அதை எவ்வளவு மதிக்கின்றன என்பது வேறு கதை. கெர்சோனில் சிப்பாய் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

தீவுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தோனேசியாவில் ஸ்டார்லிங்க் 2024 மே மாதமே கடை திறந்துவிட்டது. சுமத்ராவில் பணம் கட்டி வாங்கிய தட்டோடு ஒரு படகு வடமேற்கே புறப்பட்டால், அது எந்த அலையில் எந்த நாட்டு விதிக்கு உட்படுகிறது என்பது கம்பெனியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும், மீட்டர் சுத்தமாக. போர்ட் பிளேர் போலீஸுக்குத் தெரிய வேண்டுமானால், மறுபடி ஒரு கடிதம் எழுத வேண்டும்.