புராஸ்டேட் புற்றுநோயும் "ஆண்மை"யும்

அன்னவாசலிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் நமது கூட்டம் முடிந்தவுடன் சில தோழர்கள் நம்மைத் தனியே அழைத்துப் போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காதோடு காதாய் ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. கடவுள் உண்டா இல்லையா என்று மேடைக்கு எதிரில் நின்று உரக்கக் கேட்கின்ற தோழர்கள்தான் இதை மாத்திரம் இரகசியமாய்க் கேட்கின்றார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்துகொண்டவன் அதற்குப் பிறகு மனைவியோடு கூடி வாழ முடியுமா என்பதுதான் கேள்வி. இதை வைத்தியரிடம் கேட்டீர்களா என்றால், "அதையெல்லாம் அவரிடம் எப்படிங்க கேட்கிறது?" என்று தலையைச் சொறிகின்றார்கள். வாடிவாசலில் காளைக்கு எதிரே நிற்க அஞ்சாத ஜில்லாவில், வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்க இவ்வளவு அச்சம்!

காதில் கேட்ட கேள்விக்குப் பத்திரிகையில் பதில் சொல்லுவதுதான் நியாயம் என்று கருதியே இந்தத் தலையங்கத்தை எழுதுகின்றோம்.

முதலாவது, இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? கண்ணில் புரை விழுந்தால் ஊரெல்லாம் சொல்லுகின்றோம். பல் ஆடினால் திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்றோம். அரைக்குக் கீழே சங்கதி என்றால் மாத்திரம் வாய் அடைத்துப்போகின்றது. இத்தனைக்கும் லிங்கத்தைக் கல்லில் செய்து, ஊர் நடுவில் வைத்து, பாலும் தயிரும் ஊற்றிக் கும்பிடுகின்ற நாடு இது. இந்திரன் அகலிகையிடம் போய், கௌதமரின் சாபத்தால் விதையை இழந்தான் என்றும், பிறகு ஆட்டுக்கடாவின் விதையை எடுத்து அவனுக்குப் பொருத்தினார்கள் என்றும் வால்மீகி இராமாயணத்துப் பாலகாண்டம் கூறுகின்றது. இதைப் புராணிகர் ராகம்போட்டுப் படிக்கலாம். ஆணும் பெண்ணும் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அறுபது வயதுக் குடியானவன் ஒருவன் தன் சொந்த உடம்பைப்பற்றி ஒரு சந்தேகம் கேட்டால் அது ஆபாசமாம்! தேவேந்திரனுக்குக் கிடைத்த வைத்தியம் நம் குடியானவனுக்குக் கூடாதா என்று கேட்கின்றோம்.

நிற்க, விஷயத்துக்கு வருவோம். புராஸ்டேட் என்பது மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் ஒரு சுரப்பி. பெரிய நெல்லிக்காயளவு இருக்கும். விந்தோடு கலக்கும் நீரில் ஒரு பகுதியை உண்டாக்குவதே அதன் வேலை. விறைப்பை உண்டாக்குவது அது அல்ல. ஆசையை உண்டாக்குவதும் அது அல்ல. ஆசைக்குக் காரணம் மூளையும், விதையில் சுரக்கும் ஹார்மோனும். விறைப்புக்குக் காரணம் நரம்பும் இரத்த ஓட்டமும். ஆனால் அந்த நரம்புகள் மெல்லிய இழைகளாய்ப் புராஸ்டேட்டின் இருபக்கமும் ஒட்டிக்கொண்டு போகின்றன. அண்டை வீட்டில் தீப்பிடித்து அணைக்கப் போனால் நம் கூரையும் நனைவதுபோல், சுரப்பிக்குச் செய்யும் சிகிச்சை நரம்பையும் தாக்குகின்றது. சங்கதி இவ்வளவுதான். இதில் பூர்வஜென்ம பாவமும் இல்லை. வாலிபத்தில் கைப்பழக்கம் இருந்ததற்குத் தண்டனையும் இல்லை. இது தொற்று நோயும் அல்ல. மனைவியோடு கூடினால் அவளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதும், வெளியிலிருந்து மிஷினால் கதிர் வைத்துக்கொண்டவன் பக்கத்தில் படுத்தால் ஆபத்து என்பதும் சுத்தப் பொய்.

அந்த நரம்புகள் போகும் வழி வெகுகாலம் சர்ஜன்களுக்கே சரியாய்த் தெரியாமலிருந்தது. ஆகவே சுரப்பியை எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு விறைப்பும் போயிற்று. 1981-ல் ஹாலந்து தேசத்து லைடன் நகரத்தில், டோங்கர் என்னும் ஓய்வுபெற்ற வைத்தியரும், அமெரிக்காவிலிருந்து போன பாட்ரிக் வால்ஷ் என்னும் சர்ஜனும் சேர்ந்து, இறந்து பிறந்த சிசுவின் பிரேதத்தை அறுத்துப் பார்த்து அந்த வழியைக் கண்டார்கள். அடுத்த வருஷமே, 1982-ல், வால்ஷ் நரம்புகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சுரப்பியை மாத்திரம் எடுத்துக் காட்டினார். எந்த வேதத்திலும் இல்லாத இந்தச் சங்கதி கத்தியும் கண்ணும் கொண்டு தெரிந்துகொண்டதாகும்.

ஆனால் நரம்பைக் காப்பாற்றினாலும் அது உடனே எழுந்திருப்பதில்லை. அடிபட்ட நரம்பு தெளிய மாதக்கணக்காகும். ஒன்றரை, இரண்டு வருஷம் ஆவதும் உண்டு. இது தெரியாமல், ஆப்பரேஷன் ஆன மூன்றாம் மாதமே, "நம் காலம் முடிந்தது" என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்ப் படுத்துவிடுகின்றவர்கள் அநேகர். நோய் நரம்புவரைக்கும் பரவியிருந்தால் நரம்பையும் சேர்த்தே எடுக்க நேரிடும். வயதும், சர்க்கரை வியாதியும், முன்பு இருந்த பலமும் கணக்கில் சேரும். இவையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

இந்த ஆப்பரேஷனுக்குப் பிறகு விந்து வெளிவராது. அதை உண்டாக்கும் இடத்தையே எடுத்துவிட்டால் எப்படி வரும்? ஆனால் இன்ப உணர்ச்சி வேறு நரம்பின் வழி வருவது. விந்து வராவிட்டாலும், விறைப்பு இல்லாவிட்டாலும்கூட, அது வரக்கூடும். பிள்ளை வேண்டும் என்கின்றவர்கள் மாத்திரம் சிகிச்சைக்கு முன்பே விந்தைச் சேமித்து வைக்க ஏற்பாடு செய்யவேண்டும். சில மாதம் மூத்திரம் கசியும். இருமினாலும் தும்மினாலும் வேட்டி நனையும். மூத்திரத்தை அடக்குவதுபோல் அடிவயிற்றின் கீழ்த்தசையைச் சுருக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு விடவேண்டும். இப்படிப் பத்துத் தடவை, தினம் மூன்று வேளை செய்யவேண்டும். காசில்லாத இந்த அப்பியாசத்தால் நாளடைவில் பெரும்பாலோருக்குக் கசிவு குறைகின்றது.

கதிர் சிகிச்சையில் சங்கதி வேறு. அதில் விறைப்பு உடனே போகாது. இரண்டு மூன்று வருஷத்தில் சிறிது சிறிதாய்க் குறையக்கூடும். ஆகவே, "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று முதல் வருஷம் மீசையை முறுக்கியவர் பிறகு காரணம் தெரியாமல் திகைக்கின்றார்.

மூன்றாவது வகை, ஹார்மோனை அடக்குவது. புராஸ்டேட் புற்று விதையின் ஹார்மோனைத் தின்றே வளருகின்றது என்பதைச் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். நோய் எலும்புக்குப் பரவிய பிறகே வைத்தியசாலைக்கு வருகின்ற நம்மவர் பலருக்கு விதையை எடுப்பதோ, அல்லது அதன் வேலையை ஊசியால் நிறுத்துவதோ சிகிச்சையின் முக்கிய பாகமாகும். இதில் போவது விறைப்பு மாத்திரமல்ல, ஆசையே போய்விடும். திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கும், மார்பு பருக்கும், சதை குறையும், எலும்பு பலவீனமாகும், மனமும் சோர்வடையும். நடப்பதும், சதைக்கு வேலை கொடுப்பதும் இதற்கு உதவும். ஊசியை நிறுத்தினால் பலருக்கு ஹார்மோன் மெள்ளத் திரும்பும். விதையை எடுத்துவிட்டால் திரும்பாது. உயிரைக் காக்க இதற்குச் சம்மதிப்பது புத்திசாலித்தனமே. ஆனால் எதற்குச் சம்மதிக்கின்றோம் என்று தெரிந்து சம்மதிக்க வேண்டாமா?

சரி, பரிகாரம் என்ன? சில்டெனாபில் என்னும் மாத்திரை 1998 முதல் வழக்கத்தில் இருக்கின்றது. நரம்பு மிஞ்சியிருந்தால் அது உதவும். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகின்றவர்கள் இதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து வரும். மாத்திரைக்கு இணங்காவிட்டால் காற்றை உறிஞ்சி இரத்தத்தை வரவழைக்கும் குழாய்க் கருவி உண்டு. குறியிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி உண்டு. ஊசி போட்டபின் விறைப்பு நான்கு மணி நேரத்துக்குமேல் அடங்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். எதுவும் பலிக்காவிட்டால் உள்ளே பொருத்தும் கருவியும் உண்டு. எல்லாருக்கும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்றுமே செய்ய முடியாது என்பது அதைவிடப் பெரிய பொய்.

அந்த ஊசி வந்த கதையையும் சொல்லவேண்டும். ஜைல்ஸ் பிரிண்ட்லி என்னும் இங்கிலீஷ் விஞ்ஞானி 1983-ல் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்தில் கூடிய வைத்தியர் மகாநாட்டில் பேசப் போனார். வருமுன் தமக்குத்தாமே ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து, மருந்து வேலை செய்வதை அந்தச் சபையின் முன்னாலேயே கால்சட்டையை இறக்கிக் காட்டினார். சபையோர் திடுக்கிட்டார்கள், ஆனால் சங்கதி உலகத்துக்கு விளங்கிவிட்டது. நமது தோழர்களை இவ்வளவு தூரம் போகும்படி நாம் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வைத்தியரிடம் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் கேட்கின்றோம்.

சொல்லாதவன் எங்கே போகின்றான்? லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கும் "ஆண்மைக் குறைவு" வைத்தியரிடம் போகின்றான். ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு இரத்தம் என்று கணக்குச் சொல்லி, லேகியத்துக்கும் பஸ்பத்துக்கும் ஆயிரக்கணக்கில் பிடுங்குகின்றார்கள். இம்மாதிரி விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே மத்திய சர்க்கார் சட்டம் செய்தது. சட்டம் புத்தகத்தில் தூங்குகின்றது, விளம்பரம் சுவரில் விழித்துக்கொண்டிருக்கின்றது. மூலிகை என்று விற்பதில் அதே சில்டெனாபிலை இரகசியமாய்க் கலந்து விற்பதைப் பல தேசத்துப் பரிசோதனைச் சாலைகள் கண்டுபிடித்திருக்கின்றன. இருதய நோயாளி அதை விழுங்கினால் என்ன ஆவது?

இனி மனைவியின் சங்கதி. "பேரன் பேத்தி எடுத்த பிறகு இது என்ன கேள்வி?" என்று சிலர் கேட்கின்றார்கள். அன்னவாசலுக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் மலையில், ஏழடிப்பட்டத்தில், இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் இருக்கின்றன. அவர்கள் தாமாக விரும்பித் துறந்தவர்கள். நம் ஊர்க் குடும்பஸ்தனையும் அவன் மனைவியையும் அவர்கள் சம்மதமில்லாமலே கல் படுக்கையில் தள்ள எவருக்கு அதிகாரம்? ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் மகனிடம் பேசி முடிக்கின்றார்கள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளை வராந்தாவில் உட்கார வைக்கின்றார்கள். வீட்டுக்கு வந்தபின் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அது நோயினாலா, வெறுப்பினாலா என்று அவளுக்கு யார் சொல்லுவது? தன் குறையை மறைக்க அவளை அடிக்கவும், சந்தேகப்படவும் துணிகின்றவர்களும் இருக்கின்றார்கள்.

இதற்கெல்லாம் வேர், "ஆண்மை" என்னும் சொல். வீரமென்றும், யோக்கியதையென்றும், எஜமானத்தனமென்றும் எல்லாவற்றையும் அந்த ஒரு உறுப்பின்மேல் ஏற்றி வைத்திருக்கின்றோம். "பெண் ஏன் அடிமையானாள்" என்னும் புத்தகத்தில் பெரியார் இந்த ஆண்மை அழியவேண்டும் என்று ஒரு அத்தியாயமே எழுதினார். அவர் அதைப் பெண்ணின் விடுதலைக்காகச் சொன்னார். நோயாளியான ஆணின் விடுதலைக்கும் அதுவேதான் மருந்து என்கின்றோம் நாம். உறுப்பு தளர்ந்தால் தளர்ந்தது உறுப்புதான், மனிதன் அல்ல. வாழ்க்கை ஒப்பந்தம் செய்துகொண்ட இருவர் தொடவும், அணைக்கவும், பேசிச் சிரிக்கவும் எந்த நரம்பின் உத்தரவும் தேவையில்லை.

வெளியில் பேசக்கூடாது என்பதைப் பேசித்தான் இந்த நாட்டில் எந்த நன்மையும் வந்தது. இந்தப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், சட்டசபையில் தேவதாசி முறையைப்பற்றித் துணிந்து பேசினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அழுதுகொண்டு உட்காராமல் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் வைத்தியசாலையைத் திறக்கச் செய்தார். பெரியாரோ கடைசிக் காலத்தில் மூத்திரம் போவதற்குக் குழாய் பொருத்தி, அந்த உபாதையோடேயே ஊர் ஊராய்ப் போனார். அவருக்கு இருந்தது இந்தப் புற்றுநோய் என்று நாம் சொல்லவில்லை. இலட்சம் பேர் முன்னிலையில் அந்தக் குழாயோடு உட்கார அவர் வெட்கப்படவில்லை என்பதையே சொல்லுகின்றோம். 1973 டிசம்பரில் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புவரை அப்படியே பேசினார். அவர் பேரைச் சொல்லும் நாம் வைத்தியரிடம் வாய் திறக்க வெட்கப்படலாமா?

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். மூத்திரம் தடைப்பட்டாலும், இரத்தம் கலந்து வந்தாலும் காலதாமதம் செய்யாமல் போய்ப் பாருங்கள். புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு வைத்தியக் கல்லூரி இருக்கின்றது. புற்று என்று முடிவானால், சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுமுன் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்: நரம்பைக் காப்பாற்ற முடியுமா? மூத்திரக் கசிவு எத்தனை நாள் இருக்கும்? கூடி வாழ்வதற்கு என்ன பரிகாரம், அதை எப்போது ஆரம்பிப்பது? வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை: நோயாளி கேட்கட்டும் என்று காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்வியை நம் காதில் கேட்கவேண்டாம். மேடைக்கு எதிரில் நின்று, கடவுளைப்பற்றிக் கேட்கின்ற அதே குரலில் கேளுங்கள். பின்னால் நிற்கின்ற பத்துப் பேருக்கும் அதே கேள்விதான் இருக்கின்றது.