மேசை மாறும் வேளை

சீட்டாட்டத்தைப் பற்றிச் சங்க மலரில் எழுதலாமா என்று முகம் சுளிப்போர் இருப்பர். வள்ளுவரே சூதுக்கென ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கும்போது நான் ஒரு கட்டுரை எழுதுவதில் குற்றமில்லை. ஆனால் சூது தீது என்ற பழைய பல்லவியைப் பாட நான் வரவில்லை. அதற்கு வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவுகளில் விடுதி மாடியில் போக்கர் ஆடும் நம் தோழர்கள் எண்மர், ஆளுக்கு 10,000 ரூபாய் போட்டு, தம்முள் வல்லவர் ஒருவரைக் கோவாவுக்கு அனுப்பத் திட்டமிட்டிருக்கிறார்கள். பணம் இரட்டித்தால் அடுத்த பெரிய மேசைக்கு ஏறுவதாம். எப்போது ஏறுவது என்பதில்தான் அவர்களுக்கும் எனக்கும் வழக்கு.

போக்கர் திறமையால் ஆடப்படும் ஆட்டம் என்று அவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றமும் ரம்மி, போக்கர் இரண்டையும் திறன் ஆட்டங்கள் என்றே கொண்டது. 2017இல் குஜராத் உயர்நீதிமன்றம் போக்கரைச் சூதாட்டம் என்றது வேறு கதை. திறமை உண்டு என்பதற்கும், அது நம்மிடம் உண்டு என்பதற்கும், நம்மிடம் உண்டென்று நமக்கே தெரிந்துவிட்டது என்பதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. மேசை மாறுவதைப் பற்றிய விவகாரம் முழுவதும் அந்த மூன்றாவது இடத்தில்தான் கிடக்கிறது.

முன்பு அதைத் தெரிந்துகொள்ள மலிவான வழி ஒன்று இருந்தது. கைப்பேசியில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பிளைண்டில் தொடங்கி, ஒரே வேளையில் மூன்று நான்கு மேசைகளில் ஆடி, ஒரு மாதத்தில் பல்லாயிரம் கைகளைப் பார்த்துவிடலாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறன் ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடு பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. பெரிய நிறுவனங்கள் அம்மாதமே பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. அச்சட்டம் நல்லதா கெட்டதா என்று இங்கே வாதாடப் போவதில்லை. ஆயின் அதன் விளைவு ஒன்றை நம் தோழர்கள் கவனிக்கவில்லை. ஏணியின் கீழ்ப்படிகள் போய்விட்டன. ஒரு ரூபாயில் ஆடிப் பழகியவன் இன்று மாண்டவி ஆற்றில் மிதக்கும் கப்பலில் ஏறினால், அவன் அமரும் மிகச் சிறிய மேசையே அவனுக்குப் பல படிகளைத் தாண்டிய மேசை. அடுத்த மேசைக்கு எப்போது ஏறுவது என்று கேட்பதற்கு முன்னரே அவன் ஏறியாயிற்று!

நேரடி மேசையில் ஆட்டமும் ஆமை நடை நடக்கும். சீட்டைக் கலைத்து, போட்டு, சிப்புகளை எண்ணி முடிக்க நேரமாகும். மணிக்கு 30 கைகள் கிடைத்தால் அதிகம். வாரக்கடைசியில் இரண்டு இரவுகள், இரவுக்கு 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 360 கைகள்தாம். இத்தகைய மேசைகளில் 100 கைகளுக்கு ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 90 பெரிய பிளைண்டு என்பது ஆட்டக்காரர் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. 100-200 ரூபாய் மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றியும் தோல்வியும் சமமாக அமையும் திறமை மட்டுமே உள்ள ஒருவன் அங்கே பத்து வாரக்கடைசிகள் ஆடினால், அவன் கணக்கு மேலேயோ கீழேயோ 1,08,000 ரூபாய் விலகி நிற்பது அதிசயமே அன்று. இப்படிப்பட்டவர் அறுவரை அனுப்பினால் ஒருவராவது அத்தொகைக்கு மேல் வென்று திரும்புவார் என்று எதிர்பார்க்கலாம். திரும்புகிறவர் என்ன சொல்வார்? "மேசை சின்னது, எனக்குப் போதவில்லை" என்பார். எஞ்சிய ஐவர் ஒன்றும் சொல்லமாட்டார்கள். விடுதியில் நம் காதுக்கு எட்டுவது அந்த ஒருவரின் குரல்தான்.

இனி, நம் எண்மரின் கூட்டு நிதிக்கு வருகிறேன். மொத்தம் 80,000 ரூபாய். 100-200 மேசையில் முழுப் பங்கு வைத்து அமர 20,000 ரூபாய் வேண்டும். ஆகவே அது நான்கு பங்கு. அனுப்பப்படுகிறவர் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர், 100 கைகளுக்கு 5 பெரிய பிளைண்டு வெல்லக்கூடியவர் என்றே வைத்துக்கொள்வோம். பேரேட்டை அவர் சார்பாகவே எழுதுகிறேன்! அப்படியும் நான்கு பங்கோடு தொடங்கித் தொடர்ந்து ஆடினால், என்றேனும் ஒருநாள் முழுவதும் அழிந்துபோகும் வாய்ப்பு பத்துக்கு ஆறு. பத்துப் பங்கு இருந்தால் பத்துக்கு மூன்று. இருபது பங்கு, அதாவது 4 லட்சம் ரூபாய் இருந்தால்தான் அது பன்னிரண்டில் ஒன்றாகக் குறைகிறது. அதுவும் இடையில் ஒரு காசுகூட வெளியே எடுக்காமல் இருந்தால். மெஸ் பாக்கிக்கு இரண்டாயிரம், ஊருக்குப் போக மூவாயிரம் என்று எடுத்தால் கணக்கு வேறு.

இரட்டித்தவுடன் ஏறுவோம் என்ற விதியை இதனோடு சேர்த்துப் பாருங்கள். 1,60,000 ரூபாயோடு 200-400 மேசைக்குப் போனால் மறுபடியும் கையில் இருப்பது நான்கு பங்கு. அங்கே இரட்டித்து அடுத்த மேசைக்குப் போனாலும் அதே நான்கு பங்குதான். எவ்வளவு வென்றாலும் ஆபத்து முதல் நாளில் இருந்த அளவிலேயே நிற்கும். எதிரே அமர்பவர் மட்டும் படிக்குப் படி கெட்டிக்காரர் ஆவர். இதை ஏணி என்று அவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். எனக்கு அது கயிற்றின்மேல் நடப்பதாகவே படுகிறது.

கூட்டு நிதி என்பது வெட்கப்படத்தக்க யோசனை அன்று. 2001 முதல் லாஸ் வேகாசில் டெக்சஸ் வங்கியாளர் ஆண்டி பீல் பெரும் பணத்தோடு வந்து, பந்தயத்தை மேலும் மேலும் உயர்த்தச் சொன்னார். எதிரிகள் மனம் நடுங்கும் அளவுக்குத் தொகை உயர்ந்தால் அவர்களின் ஆட்டம் கெடும் என்பது அவர் கணக்கு. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அதற்கு என்ன செய்தார்கள்? தனித்தனியே மார் தட்டிக்கொண்டு உட்காரவில்லை. பணத்தைச் சேர்த்து, ஒருவர் மாற்றி ஒருவராக ஆடினார்கள். 2006 பிப்ரவரியில் பில் ஐவி மூன்று நாளில் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல் வென்று அந்தக் கதைக்கு ஒரு முடிவு கண்டார். அவர்களே தொகையைக் கண்டு அஞ்சினார்கள் என்பதைத்தான் நான் குறித்துக்கொண்டேன். நம்மவர்கள் அக்கதையிலிருந்து எடுத்துக்கொண்டது பணம் சேர்க்கும் பகுதியை மட்டும்.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. சிறிய மேசையில் கப்பல்காரர் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் எடுக்கும் பங்கு முதுகை முறிக்கும். அதற்கு உச்சவரம்பு இருக்குமிடத்தில், பெரிய மேசையில் அந்தப் பாரம் குறைவு. உண்மைதான். ஆயினும் சீட்டில் வென்ற வருமானத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டென்பதையும், அதில் போக்குவரத்தோ தங்கும் செலவோ கழிக்கச் சட்டம் இடந்தராது என்பதையும் அவர்கள் கணக்கில் நான் காணவில்லை. எண்மரில் மூவருக்கு இன்னும் 21 வயது ஆகவில்லை. கப்பலின் வாயிலைக்கூட அவர்கள் தாண்ட முடியாது, பணம் மட்டும் தாண்டும்.

நிற்க. ஏறுவதற்கு விதி சொல்லும் எவரும் இறங்குவதற்கு விதி சொல்லக் காணோம். 1956இல் பெல் ஆய்வகத்து ஜான் கெல்லி வகுத்த சூத்திரத்தை நம் புள்ளியியல் தோழர்கள் அறிவர். கைப்பணம் குறையக் குறைய வைக்கும் தொகையும் குறைய வேண்டும் என்பது அதில் பாதி. மேல்மேசையில் இரண்டு பங்கு போனதும், மறுபேச்சின்றிப் பழைய மேசைக்குத் திரும்பிவந்து அமரக்கூடியவன் மேலே போகட்டும். ஆனால் கோவாவின் சிறிய மேசையிலிருந்து இறங்க வேண்டிவந்தால் நமக்கு விடுதி மாடிதான். 80,000 ரூபாயில் இருவரின் அடுத்த பருவக் கட்டணம் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் தெரியாது. அந்தப் பணத்துக்கு ஆட்டப்பணம் என்று பெயர் வைத்தாலும் கட்டண நாள் தள்ளிப்போகாது.

ஆகவே என் பங்கு கேட்டு வந்தவர்களிடம் மறுத்துவிட்டேன். அனுப்பப்படும் வல்லவர் குறைந்தது ஐந்நூறு மணி நேர ஆட்டத்துக்குத் தேதி, மேசை, வரவு, போக்கு எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டினால் மறுபடியும் பேசலாம் என்றேன். எல்லாம் கைப்பேசியில் இருந்ததாகவும், செயலியை அழித்தபோது அதுவும் போய்விட்டதாகவும் சொன்னார்கள். முதல்முறையாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறார்கள். சென்ற சனிக்கிழமைக் கணக்கு அதில் முதல் வரியாக ஏறியிருக்கிறது. வல்லவருக்கு அன்று 140 ரூபாய் நட்டம்.