கழுவும் முன் பாருங்கள்

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் ஆகிய எட்டையும் பார்த்துத்தான் வைத்தியர் நோயைத் தீர்மானிப்பார். லாரி எஞ்சினுக்கு நாக்கும் நிறமும் அதன் வால்வுகள்தான். ஆனால் பல பட்டறைகளில் நடப்பது நேர்மாறு. ஹெட்டைக் கழற்றியதும் முதல் காரியமாக வால்வுகளை டீசலில் ஊறவைத்து, வயர் பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். உரிமையாளர் வந்து சேரும்போது சாட்சியம் முழுவதும் சாக்கடையில் ஓடியிருக்கும்.

வால்வுக்கு அகராதிகளில் ஓரதர், அடைப்பிதழ் என்றெல்லாம் பெயர்கள் இருக்கின்றன. பட்டறையில் வால்வு வால்வுதான். காற்று உள்ளே வர இன்லெட் என்ற கதவு. எரிந்த புகை வெளியேற எக்ஸாஸ்ட் என்ற கதவு. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு கதவும் 1,000 முறை திறந்து மூடுகிறது. உள்ளே நடப்பதை இத்தனை கிட்டத்தில் நின்று பார்க்கும் சாட்சிகள் குறைவு.

முதல் விதி, கழற்றிய வரிசையிலேயே அடுக்குவது. ஜாம்ஷெட்பூரில் 1993இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் தயாரித்த 5.9 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டர், 12 வால்வு. இன்லெட் ஆறையும் ஒரு வரிசையில், எக்ஸாஸ்ட் ஆறையும் இன்னொரு வரிசையில் வைத்து ஒப்பிட வேண்டும். ஆறும் ஒன்றுபோல் கறுத்திருந்தால் குற்றவாளி பொதுவானவர்: ஏர் ஃபில்டர், ஆயில், டர்போ, அல்லது வண்டி ஓடும் விதம். ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் தேட வேண்டியது அந்த சிலிண்டருக்குள்தான்.

அடுத்து நிறம். எக்ஸாஸ்ட் வால்வில் மெலிதான சாம்பல் அல்லது வெளிர் பழுப்பு இருந்தால் ஆரோக்கியம். விரலில் ஒட்டும் உலர்ந்த கரி, டீசல் சரியாக எரியவில்லை என்கிறது: அடைத்த ஏர் ஃபில்டர், ஒழுகும் நாசில், மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடும் பழக்கம். இன்லெட் வால்வின் பின்பக்கம் ஈரப் பிசுக்கோடு கட்டிகட்டியாகக் கரி இருந்தால் ஆயில் இறங்குகிறது. ஒன்றில் மட்டும் என்றால் கைடு தேய்ந்திருக்கலாம், ஸ்டெம் சீல் போயிருக்கலாம். ஆறிலும் என்றால் டர்போ ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கெட்டியான வெண்சாம்பல் ஓடு, ஆயில் எரிந்ததன் மிச்சம்.

நீலமும் ஊதாவும் கரியல்ல. உலோகமே சூட்டில் நிறம் மாறியது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கை, மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் இறக்கிவைக்கிறது. டேப்பட் இடைவெளியைக் குறைத்துவிட்டால் சத்தம் அடங்கும், ஓட்டுநருக்கும் திருப்தி. ஆனால் வால்வு முழுதாக மூடாது, சூடு இறங்க வழியிருக்காது, கடைசியில் விளிம்பு கருகி உடையும்.

சுத்தமும் சந்தேகத்துக்குரியதே. ஐந்து கறுத்து, ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டைக் கவனியுங்கள்.

நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. நாசிலை டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்க்க வேண்டும். கைடில் வால்வை ஆட்டிப் பார்க்க வேண்டும். ஹெட்டின் போர்ட்டில் டீசல் ஊற்றி, சீட் வழியாகக் கசிகிறதா என்று பார்ப்பது செலவில்லாத பரிசோதனை.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. ஈ.ஜி.ஆர். உள்ள எஞ்சின்களில் புகையின் ஒரு பகுதி மறுபடியும் உள்ளே அனுப்பப்படுகிறது. அதனால் பழுதே இல்லாத வண்டியிலும் இன்லெட் வால்வு கொஞ்சம் கறுத்திருக்கும். பழைய வண்டியின் கண்ணோடு இதைப் பார்த்தால் நல்ல கைடையும் மாற்றச் சொல்வார்கள்.

இதெல்லாம் மெக்கானிக்கின் கவலை என்று விட்டுவிட முடியாது. மைலேஜ் குறைந்தால் முதலில் பழி விழுவது ஓட்டுநர் மேல். டீசலைத் திருடினான், வண்டியை முறுக்கினான் என்று பேச்சு எழும். சில இடங்களில் சம்பளத்திலும் கைவைப்பார்கள். அவரைக் குற்றம்சாட்டவோ விடுவிக்கவோ இருக்கும் ஆதாரங்களில் ஒன்று அந்த 12 வால்வுகளின் மேல் படிந்த கரி. காரணத்தைத் தேடாமல் அதைச் சுரண்டிவிட்டால், அதே கரி மறுபடி படியும். அதே பில் மறுபடி வரும்.

அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது பட்டறைக்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: செல்போனில் படம் எடுத்த பிறகே கழுவ வேண்டும்.