காருக்கு ஆம்ப் எதுக்குங்க, அதுவும் பாண்டிக்குள்ள?

"சவுண்ட் பத்தலை."

கார் வாங்கின யாரைக் கேட்டாலும் ஆறே மாசத்துல இதைத்தான் சொல்றாங்க. உடனே பக்கத்துல நிக்கிறவன், ஜுரத்துக்கு மாத்திரை சொல்ற மாதிரி, "ஒரு ஆம்ப் போட்டுடு மச்சி"ங்கிறான். எனக்கும் மூணு வாரமா இதே மருந்தைத்தான் எழுதித் தர்றாங்க. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன், எதிர்வீட்டுத் தம்பி, ஸ்பீக்கர் விலை கேக்கப் போன கடையில இருந்த அண்ணன் (கார் கதவைக்கூட திறந்து பாக்கலை அவரு, ஆம்ப் விலை சொல்லிட்டாரு). வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். ஏன்னு ஒரு தடவை எழுதி வச்சுட்டா அடுத்த ஆள் கேக்கும்போது சுட்டியைக் கொடுத்துட்டு ஆணி புடுங்கப் போயிடலாம் பாருங்க :-)

முதல்லயே சொல்லிடறேன், ஆம்ப் மேல எனக்கு எந்த வாய்க்கா வரப்புத் தகராறும் இல்லை. அது ஒரு நல்ல சாமான். என் சண்டை எல்லாம், என்ன வியாதின்னே பாக்காம அந்த ஒரே மருந்தை எல்லார் வாயிலயும் ஊத்தறாங்களே, அதோடதான்.

இந்த ஏமாத்து ஆரம்பிக்கிற இடம் வாட்ஸ். ஸ்டீரியோ அட்டைப்பெட்டி மேல "50 வாட் × 4"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். பள்ளிக்கூடத்துல படிச்ச ஓம் விதியை ஞாபகப்படுத்திக்குங்க. வண்டி ஓடும்போது பேட்டரியில இருக்கிறது 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4 ஆல பெருக்கி 4 ஆல வகுத்தா 51.84. ஆச்சா, 50 வாட் வந்துடுச்சு! ஆனா இது சதுர அலைக்கான கணக்கு. அதாவது ஆம்ப்ளிஃபயர் மொத்தமா முட்டிக்கிட்டு, பாட்டுக்குப் பதிலா கொர்ர்ர்னு கத்தும்போது வர்ற பவர். ஒழுங்கான சைன் அலைன்னா அதுல பாதி, 26 வாட். அதுலயும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் முழுங்கிடும். சுத்தமா கேக்கிறது 18-லேர்ந்து 20 வாட். எக்கச்சக்க ஸ்டீரியோவுக்குள்ள உக்காந்திருக்கிற எஸ்டி கம்பெனியோட டிடிஏ7388 சிப்பு டேட்டாஷீட்டை எடுத்துப் பாருங்க. அவங்களே 25 வாட் பக்கம்தான் சொல்றாங்க, அதுவும் 10 சதவீதம் டிஸ்டார்ஷனோட. அமெரிக்காவுல 2003-ல சிஇஏ-2006ன்னு ஒரு அளவுகோல் கொண்டு வந்தாங்க (பேர்ல 2006, வந்தது 2003, என்னைக் கேக்காதீங்க). 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல டிஸ்டார்ஷன் கூடாது, இப்படி அளந்துதான் வாட்ஸ் சொல்லணும்ங்கிறது விதி. அட்டைப்பெட்டியில அந்தப் பேரு இல்லாத எண்ணை எல்லாம் நம்ம ஊரு தேர்தல் அறிக்கை மாதிரி படிச்சுக்க வேண்டியதுதான்.

"அதான் பாரு, 20 வாட்தான் வருது. அதுக்குத்தான் ஆம்ப் போடச் சொல்றோம்"னு இப்ப துள்ளிக் குதிப்பீங்க. உக்காருங்க.

20 வாட் கம்மின்னு யாரு சொன்னா? சாதாரண கார் ஸ்பீக்கர் ஒண்ணு, 1 வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல சுமார் 90 டெசிபல் சத்தம் கொடுக்கும். ஒரே ஒரு வாட்! காருக்குள்ள பேசிக்கிட்டே பாட்டு கேக்கறோம்னா அது 75, 80 டெசிபல்தான். அதாவது நீங்களும் நானும் தினமும் இளையராஜா கேக்கிறது ஒரு வாட்டுல பத்துல ஒரு பங்குல. திடீர்னு டிரம்ஸ் அடிக்கும்போது சராசரியை விட 15 டெசிபல் எகிறினாக்கூட சுமார் 3 வாட்தான் ஆகும். மீதி 15 வாட் சும்மா காத்தாடிக்கிட்டு நிக்குது.

சரி, 18 வாட்டைத் தூக்கிட்டு 60 வாட் ஆம்ப் வச்சாச்சு. மூணு மடங்குக்கு மேல. சத்தமும் மூணு மடங்கா? காது அப்படி வேலை செய்யாது சாமி. பவரை ரெண்டு மடங்காக்கினா கூடறது 3 டெசிபல். 18-லேர்ந்து 60-க்குப் போனா 5 டெசிபல் சொச்சம். "ஆங், இப்ப ரெண்டு மடங்கு சத்தம்"னு காது ஒத்துக்கணும்னா சுமார் 10 டெசிபல் வேணும், அதுக்குப் பவர் பத்து மடங்கு ஆகணும். எனக்குச் சொன்ன விலை, ஆம்ப், ஒயரிங் கிட், கூலி எல்லாம் சேத்து 18,000 ரூபாய். அஞ்சு டெசிபலுக்கு! ஸ்டீரியோவுல வால்யூமை ரெண்டு மூணு புள்ளி ஏத்தினா வர்ற வித்தியாசம்.

இன்னொரு பூச்சாண்டியும் காட்டுவாங்க. "பவர் கம்மியா கொடுத்தா ஸ்பீக்கர் எரிஞ்சுடும் சார்." கம்மியா சாப்பிட்டு எவனாவது வயிறு வெடிச்சுச் செத்திருக்கானா? எரியறது கம்மி பவரால இல்லை. ஸ்டீரியோவால முடியாத அளவுக்கு வால்யூமை முறுக்கும்போது அலையோட தலை வெட்டுப்படுது. மேல சொன்ன 26 வாட் 52-ஐ நோக்கிப் போறது அப்பத்தான். கூடவே கீச்சுன்னு மேல் அதிர்வெண்ணும் ட்வீட்டருக்குள்ள கொட்டுது. அதுதான் ட்வீட்டரை வறுக்குது. சத்தம் கரகரன்னு ஆனவுடனே குறைச்சுட்டா ஒரு ஸ்பீக்கரும் சாகாது.

அப்ப ஏன் "சவுண்ட் பத்தலை"ன்னு தோணுது? ஏன்னா பத்தாதது சவுண்ட் இல்லை, பேஸ். அது காணாமப் போற இடம் கதவு.

கார் கதவு பேட்டை ஒரு தடவை கழட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும். உள்ளே மெல்லிசுத் தகரம், அதுல கை நுழையற அளவுக்கு நாலைஞ்சு ஓட்டை, அதை மூட ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு. ஸ்பீக்கர் கூம்பு முன்னால தள்ளும்போது பின்னால இழுக்குது இல்லையா, அந்தப் பின்பக்க அலை ஓட்டை வழியா வெளிய வந்து முன்பக்க அலையோட மோதி ரெண்டும் காலி. முதல்ல அடிபடறது பேஸ்தான். மிச்சம் மீதி இருக்கிறதையும் தகரம் அதிர்ந்தே தின்னுடுது. இந்தக் கதவுல போய் 60 வாட்டைக் கொட்டினா என்ன ஆகும்? தகரம் இன்னும் ஜோரா அதிரும். ஓட்டைப் பானையில தண்ணி நிக்கலைன்னு பெரிய குழாயா மாத்தற புத்திசாலித்தனம் இது. ஓட்டையை அடைச்சு, தகரத்துல டேம்பிங் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவுல இடுக்கு இல்லாம ஒரு வளையம் போட்டு இறுக்கினா, அதே 18 வாட்டுல வேற காரு மாதிரி கேக்கும். ஆனா இந்த வேலையில கடைக்கு லாபம் கம்மி, இடுப்பு வலி ஜாஸ்தி. அதனாலதான் யாரும் வாயே திறக்கறதில்லை.

அதுக்கும் முன்னாடி காசே செலவில்லாத ஒரு சோதனை. பேலன்ஸை நடுவுல வச்சு பேஸ் நல்லா வர்ற ஒரு பாட்டைப் போடுங்க. அப்புறம் முழுசா இடப்பக்கம் தள்ளுங்க. நடுவுல இருந்தப்ப இல்லாத பேஸ் ஒரு பக்கம் தள்ளினவுடனே வருதா? அப்ப ஏதோ ஒரு ஸ்பீக்கர்ல ப்ளஸ் மைனஸ் மாத்திக் கொடுத்திருக்கான். ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. ரெண்டு ஒயரை மாத்திச் சொருகினா முடிஞ்சுது. கடையில ஸ்பீக்கர் மாத்தின வண்டிகள்ல இதை நான் ரெண்டு தடவை பாத்திருக்கேன். ரெண்டு வண்டிக்கும் ஆம்ப் சிபாரிசு ஆகியிருந்தது என்பது கொசுறுத் தகவல்.

இதுவரைக்கும் சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி நம்ம ஊரு.

நாலு சானலுக்கு 60 வாட்டுன்னா மொத்தம் 240. ஏபி வகை ஆம்பா இருந்தா உள்ளே போறதுல பாதி சூடாவே போயிடும். முழு வேகத்துல 35 ஆம்பியர் பக்கம் இழுக்கும். எப்பவும் அவ்வளவு இழுக்காதுதான், ஆனா ஒயரை அதுக்குத் தகுந்த மாதிரி போடணும். பேட்டரியிலேர்ந்து நேரா ஒரு தடி ஒயர், தடுப்புத் தகரத்தைத் துளைச்சுக்கிட்டு, கார்பெட்டுக்கு அடியில ஓடும். பேட்டரியிலேர்ந்து ஒன்றரை அடிக்குள்ள ஃபியூஸ் இல்லைன்னாலோ, துளையில ரப்பர் வளையம் போடலைன்னாலோ, ஒயர் என்னிக்காவது தகரத்துல உரசி ஷார்ட் ஆச்சுன்னா அப்புறம் பேஸ் கேக்க வண்டி இருக்காது. விலை குறைஞ்ச கிட்டுல வர்ற ஒயர் பல சமயம் செம்பே இல்லை, அலுமினியத்து மேல செம்புப் பூச்சு. இதுல எர்த்துக்குன்னு பெயிண்டைச் சுரண்டி பாடியில ஒரு போல்ட் போடுவாங்க. நம்ம ஊரு உப்புக் காத்துல சுரண்டின இடத்துக்கு என்ன கதின்னு கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறவங்க வீட்டு கேட்டைப் பாத்தாலே தெரியும். துருப் புடிச்சவுடனே ஸ்பீக்கர்ல இன்ஜின் சத்தம் "ஙீ"ன்னு பாடும்.

அப்புறம் ஆம்ப் உக்கார்ற இடம். பெரும்பாலும் முன் சீட்டுக்கு அடியில, தரையோட தரையா. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊரு பக்கமா கரையைக் கடந்தப்ப ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சு. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் எப்படி மிதந்ததுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? தண்ணி உள்ள வந்தா முதல்ல குளிக்கப் போறது அந்த 18,000-தான்.

அடுத்து தெரு. இதுலதான் எனக்குக் கோவமே. 50 ஹெர்ட்ஸ் பேஸோட அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். கண்ணாடியும் தகரமும் பாட்டுக்காரர் குரலைத் தடுக்கும், பேஸைத் தடுக்காது. அதனால உள்ள இருக்கிறவனுக்குப் பாட்டு, வெளிய இருக்கிறவனுக்கு வெறும் டும் டும். பாண்டியில பழைய வீடுகளுக்கு காம்பவுண்டா இருக்கு? வைசியாள் வீதியில திண்ணையை விட்டு இறங்கினா தெரு. ரோமன் ரோலண்ட் வீதியில ரெண்டு பக்கமும் உசந்த சுவரு, நடுவுல வண்டி போறது குழாய்க்குள்ள போற மாதிரி. சனி ஞாயிறுல வெளியூர் வண்டிங்க ஒயிட் டவுனை டும் டும்னு சுத்தி வருதேன்னு நாமதான் திட்டறோம். பிஒய் 01 வண்டியில நாமளே அதைப் பண்ணா மட்டும் சங்கீதமா? 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45-தான் அளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் மாதிரி அமைதி மண்டலத்துல 100 மீட்டருக்கு 50, 40. பாரதி பூங்காவை ஒட்டியே பெரியாஸ்பத்திரி இருக்கு. உள்ள படுத்திருக்கிறவனுக்கு உங்க சப்-வூஃபரா வேணும்?

காதும் உங்களுதுதான். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம்னு அமெரிக்காவோட நயாஷ் நிறுவனம் சொல்லுது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-ன்னா ஒரு மணி நேரம், 100-ன்னா கால் மணி. ஆம்ப் வச்சவன் 80-லயா கேப்பான்? காசு கொடுத்திருக்கானே.

நியாயமான எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, மறைக்கலை. ஈசிஆர்ல சென்னைக்கு 150 கிலோமீட்டர் ஓட்டும்போது டயர் சத்தமும் காத்துச் சத்தமும் பாட்டை அமுக்கும், அங்க கூடுதல் பவர் உதவும். வாராவாரம் போறவங்க, உண்மையிலேயே சப்-வூஃபர் வைக்கிறவங்க (அதை ஸ்டீரியோவால தள்ள முடியாது), அளந்து பாத்து வாங்குங்க, கையெடுத்துக் கும்பிடறேன். அப்பவும் கதவை முதல்ல அடைங்க, ரோட்டுச் சத்தமும் கொஞ்சம் குறையும். ஆனா லாஸ்பேட்டையிலேர்ந்து நேரு வீதிக்குப் போய் வர்றவனுக்கு? சிக்னல்ல நிக்கறதுதான் பயணத்துல பாதி. கடற்கரைச் சாலையில சாயந்தரம் ஆனா வண்டியே விடறதில்லை. மூணாவது கியரையே பாக்காத வண்டிக்கு நாலு சானல் ஆம்ப்!

நான் பண்ணப் போறது இதுதான். முன்கதவு ரெண்டுக்கும் டேம்பிங், சென்சிடிவிட்டி 90-க்கு மேல இருக்கிற ஒரு ஜோடி ஸ்பீக்கர். பின்னாடி கம்பெனி கொடுத்ததே இருக்கட்டும், அங்க உக்கார்றது அம்மா அப்பாதான், அவங்களே சத்தத்தைக் குறைக்கத்தான் சொல்றாங்க. ஆம்ப் காசுல டயர் மாத்தறேன். வேலை வர்ற சனிக்கிழமை. கதவைக் கழட்டி உள்ள லட்சணம் எப்படி இருக்குன்னு படத்தோட போடறேன். ஆம்ப் கட்சிக்காரங்க அதுவரைக்கும் பின்னூட்டத்துல கும்மலாம், ஆனா வாட்ஸ் சொல்றவங்க ஆர்எம்எஸ்ல சொல்லுங்க.