தொண்டை என்னும் குடிப்பெயர்

‘தொண்டை’ எனக் கேட்டவுடன் இற்றைத் தமிழ் மாணவனின் கை தன் கழுத்தைத் தொடுகின்றது. தொண்டைநாடு என்பதற்கும் அவ்வாறே பொருள்கொண்டு மயங்குகின்றான். அவன் பிறந்த செங்கற்பட்டு மண்ணுக்கும் அதனை ஆண்ட குடிக்கும் பெயர் ஈந்தது வேலியோரத்துக் கொடியொன்று என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் அரியர்.

தன் குடிக்குப் பெயர் தேடிய மாந்தன் முதற்கண் நோக்கியவற்றுள் ஒன்று, தன்னைச் சூழ்ந்த இயற்கை. இசுப்பானிய நாட்டில் உரோபிளெசு என்னும் குடிப்பெயர்க்குக் கருவாலி மரங்கள் என்பது பொருள். ஒலிவாரெசு என்பது ஒலிவத் தோப்புகளையும், இரியோசு என்பது ஆறுகளையும் குறிக்கும். தமிழகத்திலோ சூடிய பூவே குடியின் அடையாளமாயிற்று. சேரர்க்குப் பனம்பூவும், பாண்டியர்க்கு வேம்பும், சோழர்க்கு ஆத்தியும் உரியவை எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அம்மரபில் தொண்டைக்கொடியை அடையாளமாகக் கொண்டோர் தொண்டையர். அவர்தம் தலைவன் தொண்டைமான். அவர் ஆண்ட நிலம் தொண்டைநாடு.

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் பாடினார், அதுவே பெரும்பாணாற்றுப்படை. நாகர்மகள் ஈன்ற குழந்தை தொண்டைக்கொடியை அடையாளமாகப் பூண்டு கடலில் விடப்பட, திரை அதனைக் கரைசேர்த்தது என்றொரு கதையை அந்நூலுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் தருகின்றார். கதை வரலாறாகாது. ஆயினும், தொண்டைமான் என்ற பெயரில் கொடியையும் திரையன் என்ற பெயரில் கடலலையையும் முன்னோர் கண்டனர் என்பதற்கு அது சான்றாகும்.

கோவைக்கொடிக்கும் தொண்டை என்னும் பெயர் உண்டு. எனினும் குடிப்பெயர்க்கு உரியதாகப் பலரும் கொள்வது ஆதொண்டையே. வளைந்த முள்ளுடைய இக்கொடியின் பூ முதலில் வெளுத்துப் பின் சிவக்கும். இதன் காயை வற்றலிட்டு உண்பர்.

வடமொழியில் ‘பல்லவம்’ என்பதற்குத் தளிர் என்பது பொருள். தொண்டையர் என்பதன் மொழிபெயர்ப்பே பல்லவர் என்பார் சிலர். இருவரும் வெவ்வேறு குடியினர் என மறுப்பாரும் உளர். வழக்கு எவ்வாறு முடியினும், மாமல்லபுரத்துக் கற்கோயில்களைக் காணவரும் உலகோர் பல்லவரை அறிவர், தொண்டையரை அறியார். ஆயினும் அப்பெயர் மாய்ந்துவிடவில்லை. கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமானிடம் அது வாழ்ந்தது. 1948 வரை புதுக்கோட்டையை ஆண்ட மன்னர்களிடமும் வாழ்ந்தது.

பெயரை மீட்டலும் இயலும். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட வேதாசலனார், வேதத்தை மறையாகவும் அசலத்தை மலையாகவும் ஆக்கி மறைமலையடிகளானார். செங்கற்பட்டை அடுத்துள்ள மறைமலைநகர் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. செங்கழுநீர்ப் பூவால் செங்கழுநீர்ப்பட்டு எனப் பெயர்பெற்றதென்பர் இவ்வூர். அது ஆங்கிலேயர் வாயில் ‘சிங்கிள்புட்’ எனச் சிதைந்தது. ஊர்ப்பெயர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றின் ஆங்கில எழுத்துகளைத் தமிழொலிக்கேற்பத் திருத்தி 2020-இல் வெளியிடப்பட்ட அரசாணை, சின்னாளிலேயே திரும்பப் பெறப்பட்டது.

எழுத்தைத் திருத்துதல் அரசின் வேலை. பொருளைக் காத்தல் மக்களின் வேலை. முட்புதர்க் காடுகள் மனைகளாக மாறுந்தோறும் ஆதொண்டை அருகும். கொடி மறைந்தபின் பெயர் வெற்றொலியாகும். ஆகலின், இந்நாட்டு ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒருநாளேனும் மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, அக்கொடியைக் காட்டுவாராக! பள்ளி வேலியில் ஒன்றை நட்டும் வளர்ப்பாராக! கழுத்தைத் தொட்ட கை அன்று கொடியைத் தொடும். பெயரும் அன்று பொருள்பெறும்.