வளர்கிற பெண்ணுக்குப் பெரிய வாத்தியமா?

கொல்லிமலை அரியூர் நாட்டிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். (நாடு என்றதும் ராஜா, மந்திரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மலையில் சில சிற்றூர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு.) அவருடைய பெண்ணுக்குப் பத்து வயது; நன்றாகப் பாடுகிறாள். பள்ளி விழாவில் யாரோ உகுலேலே வாசித்ததைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி நாமக்கல்லுக்குப் போய்க் கேட்டால், கடைக்காரர் ஒன்றுக்கு நான்காக எடுத்து வைத்தார்: சோப்ரானோ, கான்சர்ட், டெனர், பாரிடோன். "வளர்கிற பெண், பெரிசாகவே வாங்கிவிடு" என்கிறார் வீட்டுக்காரர். "எங்களால் ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பாக வாங்கினால் வாத்தியம் பரணுக்குப் போகும். பெண்ணின் ஆசையும் கூடவே போய்விடும். என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

பாவாடையைப் பெரிசாகத் தைத்து, மடித்து அடித்து, வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்து விடுவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். வாத்தியத்தில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது, சகோதரி. அதில் அளவு என்பது வயதைப் பற்றியதல்ல, குரலைப் பற்றியது.

தம்பூராவையே பாருங்கள். ஆண்கள் வைத்துக்கொள்வது பெரிது. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கு அது கம்பீரமாக ஒலிக்கும். பெண்கள் பாடுவது பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில். ஆகவே அவர்களுடைய தம்பூரா சிறிது. தந்தி நீண்டால் நாதம் கீழே இறங்கும், குறுகினால் மேலே ஏறும். முறுக்கியும் ஏற்றலாம்தான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தாத்தாவின் தம்பூராவைப் பேத்திக்காக ஐந்து கட்டைக்கு முறுக்கினால் தந்தி பட்டென்று அறும். பேத்தியின் தம்பூராவைத் தாத்தாவுக்காகத் தளர்த்தினால் தொளதொளவென்று ஆடும்.

உங்கள் மலைக்கு இது புதிய சங்கதியும் அல்ல. வல்வில் ஓரி ஆண்ட கொல்லியல்லவா! காட்டில் தற்செயலாக அவனைச் சந்தித்த பாணர் கூட்டம் முழவைக் கட்டி, யாழைப் பண்ணுக்கு அமைத்துப் பாடியதை வன்பரணர் புறநானூற்றில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து யாழிலும் சீறியாழ், பேரியாழ் என்று இரண்டு உண்டு. சீறியாழ் குழந்தைக்கு, பேரியாழ் பெரியவருக்கு என்று யாரும் பிரிக்கவில்லை. அதை வாசித்தவர் சிறுபாணர், இதை வாசித்தவர் பெரும்பாணர். இருவரும் முழு வித்வான்களே! பேரியாழுக்கு 21 நரம்புகள், செங்கோட்டியாழுக்கு ஏழு என்று சிலப்பதிகார உரை கணக்குச் சொல்கிறது. மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் இந்த நரம்புக் கணக்குகளையெல்லாம் பல ஆண்டுகள் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூனில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்துவிட்டார்.

உகுலேலேக்கு வருவோம். 1879-இல் மதீராத் தீவிலிருந்து கப்பலேறிய போர்த்துகீசியர்கள் ஹவாய்க்குக் கொண்டுபோன குட்டிக் கிதாரிலிருந்து பிறந்தது அது. முதலில் சோப்ரானோ ஒன்றுதான். கான்சர்ட்டும் டெனரும் 1920-களில் வந்தன. பாரிடோன் இன்னும் பிந்தியது. தந்தியின் நீளம் சோப்ரானோவில் ஏறக்குறைய 13 அங்குலம், கான்சர்ட்டில் 15, டெனரில் 17, பாரிடோனில் 19 அல்லது 20.

முதல் மூன்றுக்கும் சுருதி ஒன்றே. நம் கணக்கில் சொன்னால், ஒரு கட்டையில் ஸ வைத்து, நான்கு தந்திகளும் ப, ஸ, க, த. இதில் ஒரு வேடிக்கை! முதல் தந்தியான ப, மந்தர பஞ்சமம் அல்ல. க-வுக்கும் மேலே இருக்கும் ப. அதனால்தான் உகுலேலே எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பது போல் கேட்கிறது. சோப்ரானோ 'டிங்' என்று ஒலித்துச் சட்டென்று அடங்கும். டெனரில் அதே ஸ்வரம் வயிறு நிறைந்து, சற்று நேரம் நிற்கும். பாரிடோன் ஜாதியே வேறு. அதன் ஸ ஐந்து கட்டையில், கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. கிதாரின் மெல்லிய நான்கு தந்திகளும் அதுவும் ஒன்றே. மற்ற மூன்றுக்கும் எழுதிய புத்தகத்தைப் பார்த்து அதில் விரல் வைத்தால் பாட்டு வேறு சுருதியில் வரும். தோழிகளோடு சேர்ந்து வாசித்தால் ரகளைதான்! போதாததற்கு மெட்டுகளும் அகல அகலமாக இருக்கும். பத்து வயது விரல் எட்டாமல் வலிக்கும். வலித்தால் பரண்தான்.

அப்படியானால் இருப்பதிலேயே சிறிதை வாங்கிவிடலாமா? இங்கேதான் உங்கள் மலை குறுக்கே வந்து நிற்கிறது. தேவாரத்தில் கொல்லி என்றே ஒரு பண் உண்டு. அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்ணில்தான். இப்போது அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். நவரோஜ் மந்தர பஞ்சமத்தில் தொடங்கி மத்திய பஞ்சமத்தோடு திரும்பிவிடும் ராகம். ஒரு கட்டையில் ஸ வைத்தால், கடையில் வாங்கியபடியே உள்ள சிறிய உகுலேலேயில் ஸ-வுக்குக் கீழே ஸ்வரமே இல்லை! ஸ-வை நான்கு கட்டைக்கு மாற்றி வாசிக்கலாம்; ஆனால் கீச்சென்று இருக்கும். கொல்லிமலைப் பெண் கொல்லிப் பண்ணுக்கு இப்படிக் கஷ்டப்படுவானேன்?

ஆகவே என் யோசனை கான்சர்ட். பத்து வயதுக் கைக்கு அது அடங்கும், சினிமாப் பாட்டுக்கும் பள்ளி விழாவுக்கும் போதும். இரண்டு வருஷம் பழகட்டும். பிறகு அந்த ப தந்தியை மட்டும் கழற்றிவிட்டு, 'லோ ஜி' என்று கேட்டுத் தடித்த தந்தி ஒன்று வாங்கிப் போடுங்கள். மந்தர பஞ்சமம் வந்துவிடும். ப, ஸ, க, த வரிசையாக ஏறும். நவரோஜ் முழுதும் அகப்படும். வாத்தியம் அதேதான், செலவு ஒரு தந்திக்கு மட்டுமே. பெரிசாக வாங்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் இது பிடிக்கும்.

புதுத் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும்; பெண் அழாமல் தினமும் சுருதி சேர்க்கட்டும். உங்கள் ஊரில் மூடுபனி அதிகம். வாத்தியத்தைச் சுவரில் மாட்டாமல் பெட்டியில் வையுங்கள். ஈரம் காயட்டும் என்று அடுப்பங்கரையில் மட்டும் வைத்துவிடாதீர்கள், பலகை வெடித்துவிடும்.