தென்காசியில் இருந்தே ஐ.டி வேலை: சரியான சேர் எது, அதற்குக் காசு யார் தருவது?

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-ல் சிறிய அளவில் ஓர் அலுவலகத்தைத் தொடங்கியபோது, தென்காசி தனி மாவட்டமாகக்கூட ஆகவில்லை. மாவட்டமானது 2019 நவம்பரில். அதே 2019-ல் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அந்தக் கிராமத்துக்கே குடிவந்தார். அடுத்த வருஷம் கொரோனா. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதில் சிலர் இன்னமும் ஊரிலிருந்துதான் வேலை பார்க்கிறார்கள்.

ஊரிலிருந்து வேலை பார்த்தால் வாடகை மிச்சம், சாப்பாடு வீட்டுச் சாப்பாடு, சீசன் வந்தால் குற்றாலம் கூப்பிடு தூரம். ஒத்துழைக்காதது முதுகு மட்டும்தான். லேப்டாப் வீட்டுக்கு வந்துவிட்டது. அலுவலகத்துச் சேர் வரவில்லை. பிளாஸ்டிக் சேர், டைனிங் டேபிள் சேர், கட்டில் என்று மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் ஒருநாள் ராத்திரி ஆன்லைனில் ‘எர்கோனாமிக் சேர்’ என்று தேட ஆரம்பிக்கிறோம். நாலாயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது, லட்ச ரூபாய்க்கு மேலும் இருக்கிறது. எதை வாங்குவது?

உட்காருவது குற்றமா?

‘உட்காருவதுதான் புதிய சிகரெட்’ என்ற பேச்சை எல்லோரும் கேட்டிருப்போம். முதுகெலும்பைப் பொறுத்தவரை விஷயம் அவ்வளவு எளிதல்ல. 1960-களில் ஸ்வீடன் மருத்துவர் நாச்செம்சன், முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிடச் சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது அழுத்தம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடுகிறது என்றார். உட்காருவது பற்றிய பயம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

1999-ல் ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆய்வாளர்கள் ஒரே ஒரு ஆரோக்கியமான மனிதரின் முதுகில் சென்சார் பதித்து மீண்டும் அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். சாயாமல் சாதாரணமாக உட்கார்ந்தபோது 0.46. நன்றாகச் சாய்ந்து ஹாயாக உட்கார்ந்தபோது 0.3. உட்கார்ந்தபடி முழுதாக முன்னால் குனிந்தபோது 0.83. ஒருவரிடம் எடுத்த அளவு என்பதால் எல்லோருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒரு விஷயம் புரிகிறது: முதுகுக்குச் சிக்கல் உட்காருவதால் மட்டும் வருவதில்லை, குனிந்து உட்காருவதால் வருகிறது. ‘நேரா உட்காரு’ என்று அதட்டும் அம்மாவைவிட, சாய்ந்து உட்காரும் அப்பாவின் முதுகுக்குத்தான் வேலை குறைவு.

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் கணக்கு வேறு. எவ்வளவு விலையுள்ள சேரும் அங்கே உதவாது. 10 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளை அலசி 2016-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருபவர்களும் தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்தால் அகால மரண அபாயம் கூடுவதில்லை என்றது. தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறக்குறைய 5 கி.மீ. வேகமாக நடந்தால் கிட்டத்தட்ட அதே நேரம்தான். சாரல் காலத்தில் குடையோடு போகலாம்.

பெட்டியில் எழுதியிருக்கும் வார்த்தை

‘எர்கோனாமிக்ஸ்’ என்ற சொல்லை 1857-ல் போலந்து அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி உருவாக்கினார். வேலைக்கும் வேலை செய்யும் உடலுக்குமான பொருத்தத்தைப் பற்றிய படிப்பு அது. இன்று அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் அட்டைப்பெட்டியில் அச்சடிக்கலாம். தலைக்கு ஒரு திண்டு, இடுப்புக்கு ஒரு வளைவு, கறுப்பு வலைத்துணி இருந்தால் போதும், சேர் எர்கோனாமிக் ஆகிவிடுகிறது.

ஆனால் எந்த உடலுக்குப் பொருத்தம்? அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1994-ல் கொண்டுவந்த ஏரான் சேர், இன்றைய வலைத்துணிச் சேர்கள் பலவற்றுக்கும் மூத்த அண்ணன். அது சட்டை மாதிரி மூன்று சைஸில் வந்தது. ஒரே சேர் எல்லோருக்கும் பொருந்தாது என்பதை அந்த நிறுவனம் அப்போதே ஒப்புக்கொண்டது. நமக்கு ஆன்லைனில் வரும் சேர்களில் பெரும்பாலானவை ஒரே சைஸ்.

இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ. அந்த உயரத்தில் தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை பெரும்பாலும் 40 செ.மீ-ஐ ஒட்டித்தான் இருக்கும். பல சேர்களை முழுவதும் கீழே இறக்கினாலே 43, 45 செ.மீ வந்துவிடுகிறது. பாதம் தரையில் பதியாது. பாதம் பதியாதபோது நாம் இருக்கையின் முன் நுனிக்கு நகர்ந்துவிடுகிறோம். பின்னால் பல ஆயிரம் ரூபாய் முதுகுத்தாங்கி சும்மா நிற்கிறது. முன்னால் நாம் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம்.

இதோடு மேசையைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசம். வழக்கமான மேசையின் உயரம் 75 செ.மீ. மேலே சொன்ன உயரத்தில் உள்ளவர் பாதம் பதிய உட்கார்ந்தால், முழங்கை ஏறக்குறைய 60 செ.மீ உயரத்தில் இருக்கும். டைப் செய்யத் தோள் இரண்டையும் தூக்கியே ஆக வேண்டும். சாயந்திரம் கழுத்து பிடித்துக்கொள்ளும். பழி சேர் மேல் விழும்.

ஆகவே சேரைத் தேடும் முன் ஒரு டேப் எடுத்து உங்களை அளந்துகொள்ளுங்கள். தட்டையான பெஞ்சில் உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை எவ்வளவு? வீட்டில் செருப்பு போடுபவர் என்றால் செருப்போடு அளக்கவும். விற்பனைப் பக்கத்தில் ‘இருக்கையின் குறைந்தபட்ச உயரம்’ இந்த அளவைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தச் சேரை விட்டுவிடலாம், எத்தனை நட்சத்திரம் இருந்தாலும். அடுத்து, இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை எவ்வளவு என்று பாருங்கள். இருக்கையின் ஆழம் அதைவிட இரண்டு மூன்று விரல் குறைவாக இருக்க வேண்டும். ஆழம் கூடினால் ஒன்று காலின் பின்புறம் அழுந்தும், இல்லையென்றால் முதுகு சாய்மானத்தைத் தொடாது. முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய இருக்கை உள்ள மாடல்கள் இருக்கின்றன. தலைத் திண்டுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

மேசையை மாற்ற முடியாதவர்கள் சேரை முழங்கை மேசைக்குச் சமமாக வரும் வரை உயர்த்திவிட்டு, காலுக்கு ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும். தனியாக ஃபுட்ரெஸ்ட் வாங்கலாம். வீட்டில் கிடக்கும் மணைப்பலகைக்குக் கீழே ஒரு செங்கல் வைத்தாலும் அதே வேலை நடக்கும். லேப்டாப்பைக் கண் மட்டத்துக்குப் புத்தகங்கள் மேல் ஏற்றி, தனிக் கீபோர்டு போடாதவரை எந்தச் சேரும் கழுத்தைக் காப்பாற்றாது. ஏழாயிரம் ரூபாய் பட்ஜெட்டில் ஆயிரத்தைக் கீபோர்டுக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

சாரலும் ரெக்ஸினும்

சென்னையில் எழுதப்படும் ‘டாப் 10 சேர்’ பட்டியல்களில் குற்றாலத்துச் சாரல் இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றிலேயே ஈரம். தோல் மாதிரி பளபளக்கும் பாலியூரிதேன் ரெக்ஸின், ஈரத்தில் வேதியியல் ரீதியாகவே சிதைந்து, இரண்டு மூன்று வருஷத்தில் பொரிப்பொரியாக உரியக்கூடிய பொருள். கேமிங் சேர்கள் பெரும்பாலும் இந்த ரகம். சீக்கிரம் உலரும் வலைத்துணியே இந்தப் பக்கத்துக்கு மேல். ஆனால் மட்டமான வலை ஒரு வருஷத்தில் தொட்டில் மாதிரி தொய்ந்துவிடும். முதுகுக்கு வலை, உட்காரக் கெட்டியான ஃபோம் மேல் துணி என்பது நடுவாந்திரமான வழி. வழவழப்பான டைல்ஸ் தரையில் கெட்டி நைலான் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். மென்மையான ரப்பர் போன்ற சக்கரம் கேளுங்கள்.

உறுதியைப் பொறுத்தவரை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ், அலுவலகச் சேர்களுக்கென ஐஎஸ் 17631 என்ற தரத்தை 2022-ல் வகுத்தது. அதைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2025 பிப்ரவரியில் வெளியிட்டு, ஓராண்டு அவகாசம் கொடுத்தது. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் சேர் கவிழாது, உடையாது என்று நம்பலாம். உங்கள் முழங்காலுக்குப் பொருந்துமா என்பதை முத்திரை சொல்லாது.

காசு யார் தருவது?

தென்காசியிலிருந்து செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகப் போனால் கேரளா. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்கள், விஜி பெண்கூட்டு தலைமையில் வருடக்கணக்காகப் போராடி, 2018-ல் ‘உட்காரும் உரிமை’யைச் சட்டமாக வாங்கினார்கள். அதைத் தொடர்ந்து 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை, 1947-ம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்தது. ‘அங்காடித் தெரு’ படம் பார்த்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. நின்று வேலை செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இருக்கை வேண்டும் என்று 1948-லேயே சட்டம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் கடை ஊழியர் அதற்காக 73 வருஷம் காத்திருந்தார்.

ஆனால் திருத்தம் கேட்பது ‘பொருத்தமான’ இருக்கை. எத்தனை பேருக்கு எத்தனை, முதுகுச் சாய்மானம் வேண்டுமா என்ற விவரம் அந்தப் பிரிவில் இல்லை. சாய்மானம் இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டியும் ‘போட்டாச்சு’ என்று ஒருவர் வாதிடலாம். 1899-ல் பிரிட்டன் கொண்டுவந்த கடை ஊழியர் சட்டம்கூட, மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது என்று எண்ணிக்கை சொன்னது.

இன்னொன்று: தமிழ்நாட்டுத் திருத்தம் ‘நிறுவனத்தின் வளாகம்’ பற்றித்தான் பேசுகிறது. தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பெங்களூர் நிறுவனத்துக்கு கோடிங் எழுதுபவர் அதற்குள் வருவது கஷ்டம்.

அதே தெருவில் இன்னொருவரும் வெளியே நிற்கிறார். ஆலங்குளம், கடையம் பக்கம் பல வீடுகளில், மடியில் சுளகோடு தரையில் உட்கார்ந்து பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கண் சுளகில், கழுத்து கீழே, முதுகு வளைந்து: மேலே பார்த்த அளவுகளில் மிக மோசமானதற்குப் பக்கத்தில் இருக்கும் நிலை அது. சுவரில் முதுகைச் சாய்த்து, சுளகைத் தலையணை மேல் ஏற்றி வைத்தாலே கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். அதையும் அவரேதான் செய்துகொள்ள வேண்டும்.

வீட்டையும் வேலையிடமாகப் பார்ப்பது இந்தியச் சட்டத்துக்குத் தெரியாத விஷயமில்லை. 1966-ம் வருடத்துப் பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. அதுவும் 1948 தொழிற்சாலைச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. பிரிட்டனில் திரை முன் வேலை பார்ப்போருக்கான 1992 விதிகள், வீட்டிலிருந்து தொடர்ந்து வேலை பார்ப்பவருக்கும் பொருந்தும். அவற்றுக்கு மூலமான 1990-ம் வருட ஐரோப்பிய உத்தரவு, சேரின் உயரமும் முதுகுப்பகுதியும் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும், கேட்பவருக்கு ஃபுட்ரெஸ்ட் தர வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்கிறது. அதாவது நம்மூர் மணைப்பலகை அங்கே சட்டப்படியான உரிமை.

இங்கே இப்போதைக்கு வழி, பேரம்தான். கடை, ஷோரூம் ஊழியர்கள் இருக்கை இல்லையென்றால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் தரலாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஆஃபர் லெட்டர் கையெழுத்தாகும் முன்பே ஹெச்.ஆரிடம் சேர், மேசைக்கான தொகை உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. இன்டர்நெட் பில் தரும் நிறுவனங்களிடம் இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தருவதாகச் சொன்னால், பில் யார் பெயரில் என்பதையும் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரில் இருந்தால், வேலையை விடும் நாளில் சேரையும் பேக் செய்து அனுப்பச் சொல்லலாம்.